லாகோஸுக்கு அனுப்பிய நீலப் படம்

மொரெனிகே செய்கிற படங்களைப் பார்த்தவுடன் எல்லோர் வாயிலும் முதலில் வருவது தவளை. தவளை இல்லாவிட்டால் நண்டு. பக்கத்துக் கடையில் மிளகாய் அரைக்கிற பெரியவர் மட்டும் ஒருமுறை படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துத் தொண்டையைக் கனைத்தார். தொழுகைக்கு அழைக்கிற அதே குரலில், "இது மூக்கும்மா. மூக்கை உள்ள இருந்து பாத்தா இப்படித்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். எப்போது உள்ளே போய்ப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை.

உண்மையில் அது துருப்பிடித்த தகரக் கூரை. மொரெனிகே வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் போனில் பிடித்துக்கொண்டு வருவாள். தகரம், சாலையோரம் காயப் போட்ட மரவள்ளித் தோல், ஆடு மிதித்துப் போன செம்மண் சேறு, கீரைக் குழம்பின் மேல் மிதக்கிற செம்பனை எண்ணெய். கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதியை வெட்டி எறிவாள். மிச்சப் பாதியைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி, பக்கத்தில் ஒட்டுவாள். ஒட்டியதை மேலும் கீழுமாக இன்னொரு தரம். பிறகு நிறத்தை மாற்றுகிற பட்டையைப் பிடித்து மெல்ல மெல்ல இழுப்பாள். செம்மண் ஊதாவாகும், ஊதா பச்சையாகும், நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில் அது இன்ன நிறம் என்று சொல்ல வாய் வராது. அங்கே கையை எடுத்துவிட வேண்டும். எடுக்கத் தெரிந்தால் படம், தெரியாவிட்டால் தவளை.

இதற்கு ஒரு நைரா காசு தேறாது. சோறு போடுகிற வேலை வேறு. இக்போ ஓரா ஊரின் சந்தைத் தெருவில், சுங்கன்மியின் போட்டோ கடையில் கம்ப்யூட்டர் வேலை. படம் எடுப்பது சுங்கன்மி. எடுத்ததைச் சரி செய்வது மொரெனிகே. மூடிய கண்ணைத் திறப்பாள், பருவை எடுப்பாள், இறந்தவருக்குக் கோட்டு மாட்டுவாள். கல்யாணப் படத்தில் முறைத்துக்கொண்டு நின்ற மாமியாரை ஒருமுறை சிரிக்க வைத்திருக்கிறாள், அந்த அம்மாவே வந்து "நான் அன்னிக்கு இவ்வளவு நல்லாவா இருந்தேன்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சுங்கன்மி சின்ன வயதில் வானொலி விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தவன். அந்தக் குரல் இன்னும் இறங்கவில்லை. பல் தேய்க்கும்போதுகூட அறிவிப்பாகத்தான் தேய்ப்பான். "அன்பான மொரெனிகே அவர்களே! கரண்டு போய்விட்டது! ஜெனரேட்டரில் பெட்ரோல் இல்லை! இது யாருடைய தவறு?"

"உங்களோடதுதான் அண்ணே."

"சரியான விடை!"

அவளுக்கு முப்பத்தாறு வயது. புருஷன் ஜெனரேட்டர் பழுது பார்க்கிறவன். ஒரு மழைக்காலத்தில் எல்லை தாண்டிக் கொட்டோனுவுக்கு வேலை என்று போனான். போனவன் போனும் போனது. வீட்டுக்குள் அவன் வேலை செய்த இடத்தில், சிமெண்டுத் தரையில், பெரிய எண்ணெய்க் கறை. 'பார், என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறாய்' என்று சண்டை போடுவதற்காக அதைப் படம் எடுத்தாள். அனுப்பினால் போகவில்லை. எண் அணைந்திருந்தது. சும்மா உட்கார முடியாமல் அந்தப் படத்தைப் பாதியாக வெட்டித் திருப்பி ஒட்டினாள். மறுபடி ஒட்டினாள். கறுப்பைப் பச்சை வரைக்கும் இழுத்தாள். நாலு இதழோடு பூ மாதிரி ஏதோ வந்தது. மறுநாள் சோப்புப் போட்டுத் தரையைத் தேய்த்துவிட்டாள். படத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். அப்படித் தொடங்கியது. அது எங்கிருந்து வந்தது என்று இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. தவளை என்று சொல்லிவிட்டால் அதோடு எல்லோருக்கும் திருப்தி.

ஒரு செவ்வாய்க்கிழமை அஷாபி தன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

அஷாபி முச்சந்தியில் அக்காரா என்கிற பயறு வடை சுடுகிறவள். அவள் "சூடா இருக்கு!" என்று ஒரு குரல் விட்டால், மூன்று தெரு தள்ளிக் குளித்துக்கொண்டிருக்கிறவன் சோப்பை வைத்துவிட்டு ஓடி வருவான். ஊரில் அவளுக்குப் பெயர் இரட்டையம்மா. இரட்டைப் பெண்கள் பெற்றவள். முதலில் வெளியே வந்தது தைவோ, பின்னால் வந்தது கெஹிந்தே. இக்போ ஓராவில் எல்லா வீட்டு இரட்டைக்கும் இதே பெயர்கள்தான், இதே கணக்குத்தான்: பின்னால் வந்ததே மூத்தது. 'நீ முதல்ல போ, உலகம் ருசியா இருக்கான்னு பாரு' என்று தங்கையை அனுப்பிவிட்டு, அவள் அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அக்கா சாவகாசமாக வருவாள்.

தைவோ மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். போய்விட்டாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரட்டையில் ஒன்று போனால், லாகோஸுக்குப் போயிருக்கிறது என்றுதான் பேச்சு. இருக்கிற பிள்ளையின் காதில் அந்த இன்னொரு வார்த்தை விழுந்தால், அதுவும் எழுந்து பின்னாலேயே நடந்துவிடும் என்று பயம். அஷாபியும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் தெருவையே எழுப்புகிற அந்தக் குரல், லாகோஸ் என்ற சொல் வரும்போது மட்டும் பாதாளத்துக்குப் போய்விடும்.

"சனிக்கிழமை இரட்டைக்குன்னு பயறு ஆக்கி ஊர்ப் பிள்ளைங்களுக்குப் போடப் போறேன்" என்றாள் மொரெனிகேயிடம். "மூணு வருஷமா தள்ளிப் போட்டாச்சு. விருந்துக்கு வர்றவங்க சுவத்தைப் பாப்பாங்க இல்ல? ரெண்டு பேரும் சேந்த மாதிரி ஒரு படம் வேணும். என் பழைய போன்ல இருந்துச்சு. போனே திருட்டுப் போச்சு."

இது இந்த ஊர் போட்டோ கடைகளுக்குப் பழக்கமான வேலை. இருக்கிற பிள்ளையைப் படம் எடுத்து, அதையே இரண்டாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுப்பது. யாருக்கும் இதில் ஏமாற்று கிடையாது. கேட்கிறவளுக்கும் தெரியும், செய்கிறவளுக்கும் தெரியும், சுவரில் பார்க்கிறவர்களுக்கும் தெரியும்.

ஆறு வயது கெஹிந்தே பெஞ்சில் பாதி இடம் விட்டு, மந்திரி மாதிரி விறைப்பாக உட்கார்ந்தாள்.

"அன்பான குட்டி நேயரே! ஒரு சிரிப்பு!" என்றான் சுங்கன்மி.

"மாட்டேன். பல்லு விழுந்திருக்கு."

"விழுந்த பல்லு எங்கே?"

"கூரை மேல போட்டாச்சு. உங்களுக்கு முன் மண்டை முடி விழுந்துச்சே, அத எங்க போட்டீங்க?"

சுங்கன்மி வாழ்க்கையில் முதல்முறையாக அறிவிப்பு எதுவும் செய்யாமல் படத்தை எடுத்தான்.

மொரெனிகே அன்று மாலையே வேலையை முடித்தாள். படத்தைத் திருப்பி ஒட்டினாள். இருவரும் தோளோடு தோள் சேர்ந்து, ஒருத்தி பக்கம் ஒருத்தி லேசாகச் சாய்ந்திருந்தார்கள். கெஹிந்தேயின் இடது முன்கையில் தீக்காயத் தழும்பு ஒன்று உண்டு. போன வருஷம் அக்காரா சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றபோது கொதிக்கிற எண்ணெய் தெறித்தது. கை மடியில் கிடந்ததால் தழும்பு நன்றாகத் தெரிந்தது, இரண்டு பேருக்கும். மொரெனிகே அதைக் கவனிக்காமல் இல்லை. இரட்டை என்றால் எல்லாமே இரட்டைதானே என்று விட்டுவிட்டாள். இந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பார்கள்.

வியாழக்கிழமை காலையில் அஷாபி சட்டகம் போட்ட படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள்.

"அக்கா, என் பிள்ளை சாப்பிட மாட்டேங்குதக்கா! நேத்திலேருந்து ஒரு வாய் கஞ்சி இறங்கல!"

"ஏன், என்ன ஆச்சு?"

"படத்தை மாட்டினேன். 'தைவோ லாகோஸ்லேருந்து வந்து படம் எடுத்துட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டா'ன்னு சொல்லி வெச்சேன். முதல்ல சிரிச்சா. அப்புறம் கிட்டப் போய்ப் பாத்தா." அஷாபி மகளின் குரலையே எடுத்துக்கொண்டாள், மூக்கால், கீச்சென்று: "'அம்மா, அவ கையிலயும் சுட்டிருக்கு. லாகோஸ்ல யாரு அவ மேல எண்ணெய் ஊத்துனது? யாரு ஊத்துனது சொல்லு. அவங்க பேரு சொல்லு. நான் போய்க் கேக்கறேன்.' பையில ரெண்டு சட்டையை எடுத்து வெச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கு. தங்கச்சியைச் சுட்டவங்க யாருன்னு தெரியாம சாப்பிட மாட்டாளாம். நான் என்னன்னு சொல்லுவேன்?"

தழும்பை எடுப்பது சின்ன வேலை. மொரெனிகே பக்கத்துத் தோலை எடுத்து மேலே பூசி, தைவோவின் கையை வழவழப்பாக்கிப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தாள். அஷாபி கும்பிடாத குறையாகப் போனாள்.

சாயங்காலம் மறுபடி வந்தாள். இந்தத் தடவை அரைக்க வேண்டிய ஊறிய பயறு ஒரு கையில், மகள் இன்னொரு கையில். கெஹிந்தேயின் முகம் சுருங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை.

"அவளுக்கு ஒரே நாள்ல ஆறிடுச்சே. என்ன மருந்து போட்டாங்க? எனக்கு ஏன் அந்த மருந்து வாங்கல?"

"பாப்பா..."

"அவளுக்கும் அதே பல்லுதான் விழுந்துச்சா? என் சட்டை எப்படி அவ போட்டிருக்கா? என் சட்டை பெட்டில இருக்கு. மோந்து பாத்தேன், என் வாசனைதான் வருது." இதையெல்லாம் படபடவென்று கேட்டுவிட்டு, கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வந்தவ ஏன் என்னை எழுப்பாமப் போனா?"

 சுங்கன்மி காமிரா மூடியைத் தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டான். அஷாபி, "பயறை அரைச்சுட்டு வந்துடறேன். கொஞ்சம் பாத்துக்குங்கக்கா" என்று பக்கத்து மெஷினுக்கு நழுவினாள். போகும்போது வாசலில் திரும்பி, பிள்ளைக்குத் தெரியாமல் மொரெனிகேயைப் பார்த்துத் தன் உதட்டில் ஒரு விரலை வைத்துக் காட்டினாள்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. கடை முழுக்க மிளகாய் நெடி. கெஹிந்தே கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி உட்கார்ந்தாள். திரையில், வேலை இல்லாத நேரத்தில் தானாக வருகிற பச்சைப் பூ வந்து நின்றது.

"தவளைன்னு சொல்லப் போறியா?" என்றாள் மொரெனிகே.

கெஹிந்தே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இல்ல. நடுவுல கோடு தெரியுது. எங்கம்மா துணியை மடிக்கிற மாதிரி மடிச்சிருக்கீங்க. விரிச்சா என்னவா இருக்கும்?"

மொரெனிகே திரையில் அந்தக் கோட்டைத் தேடினாள்.

"எண்ணெய்க் கறை" என்றாள். "எங்க வீட்டுல ஒருத்தர் வெச்சுட்டுப் போனது."

"அவரும் லாகோஸா?"

"இல்ல. கொட்டோனு."

"ஓ" என்றாள் கெஹிந்தே, அது இன்னும் தூரமாயிற்றே என்கிற மாதிரி. பிறகு காலையில் அஷாபி மேஜை மேல் விட்டுப்போன பெரிய இரட்டைப் படத்தைத் தன் பக்கம் திருப்பினாள். விரலை எடுத்து இரண்டு பெண்களுக்கும் நடுவில் வைத்து, மேலிருந்து கீழாகக் கோடு போட்டாள். பெஞ்சின் மேல் விரித்த துணியில் அச்சடித்திருந்த கோழிகள் நடுவில் மூக்கும் மூக்குமாக முட்டிக்கொண்டு நின்றன. விரல் அங்கே வந்து நின்றுவிட்டது.

"இதையும் மடிச்சிருக்கீங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மொரெனிகே இறந்தவர்களுக்கே கோட்டு மாட்டுகிறவள். ஒரு 'இல்லை' என்ன பெரிய விஷயம்? வாசலில் அஷாபி உதட்டில் வைத்த விரல் கண்ணில் நின்றது. இந்தப் பிள்ளை நூலைப் பிடித்துக்கொண்டே போய், கடைசி முடிச்சையும் அவிழ்த்துவிட்டால்? ஊரில் எல்லோரும் பயப்படுகிறபடி எழுந்து நடந்துவிட்டால்? ஆனால் அந்த வெடித்த உதட்டைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய்யை அடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆமா கண்ணு. மடிச்சதுதான்."

"அப்ப அவ வரலையா?"

"வரல."

"இது நானா? இதுவும் நானா?"

"ரெண்டும் நீதான்."

"அப்ப அவ கையில யாரும் எண்ணெய் ஊத்தல?"

"ஊத்தல. அது உன் கை."

கெஹிந்தே ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு காற்றை எங்கே வைத்திருந்தாளோ. தோள் இறங்கியது. காலை ஆட்ட ஆரம்பித்தாள்.

"உங்ககிட்ட ரொட்டி இருக்கா?"

சுங்கன்மி மேஜைக்கு அடியிலிருந்து ரொட்டியோடு எழுந்தான். இத்தனை நேரம் அங்கேயேதான் இருந்திருக்கிறான். "ஆகேகே ரொட்டி!" என்று ஆரம்பித்தவன், "தின்னும்மா" என்று மட்டும் முடித்தான். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று மொரெனிகே பார்த்தபோது, "மிளகா நெடி" என்றான்.

கெஹிந்தே இரண்டு கன்னமும் புடைக்கத் தின்றாள். தின்றுகொண்டே யோசித்தாள்.

"அப்ப எனக்குச் சுட்டது அவளுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாது."

"சொல்லணும். ஆனா நேராப் பாத்தா பயந்துடுவா. அவ சின்னப் பிள்ளை, நான்தானே பெரியவ." பச்சைப் பூவைப் பார்த்தாள். "இத மாதிரி மடிச்சுட்டா பயப்பட மாட்டா இல்ல?"

மொரெனிகே போனை எடுத்தாள். கெஹிந்தே கையை விளக்குக்கு நேராக நீட்டினாள். திரையில் அந்தத் தழும்பு உள்ளங்கை அகலத்துக்கு வந்து நின்றது. சுருங்கி, இழுத்துப் பிடித்து, ஓரத்தில் பளபளவென்று இளஞ்சிவப்பாக. கெஹிந்தே முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு ஒரு கண்ணால் பார்த்தாள்.

"மடிங்க. சீக்கிரம்."

பாதி போனது. மிச்சம் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. சுருக்கங்கள் இரண்டு பக்கமும் விரிந்து, நரம்போடிய இலை மாதிரி ஆயின.

"இன்னொரு தரம்."

மேலும் கீழும் சேர்ந்தன. பளபளத்த ஓரங்கள் நடுவில் கூடி ஒரு வளையமாயின.

"இப்ப கண்ணு ரெண்டையும் திறக்கலாம்" என்று கெஹிந்தே தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டாள். "ஆனா சிவப்பு வேணாம். எண்ணெய் ஞாபகம் வரும்."

"பச்சை?"

"அது உங்களோடது."

மொரெனிகே பட்டையைப் பிடித்து இழுத்தாள். சிவப்பு மஞ்சளானது, கெஹிந்தே தலையை ஆட்டினாள். மஞ்சள் பச்சையைத் தாண்டியது. நீலத்துக்குள் நுழைந்தது. இன்னும் கொஞ்சம் போனால் நல்ல கருநீலம் வரும் என்று மொரெனிகேயின் கை போய்க்கொண்டே இருந்தது.

"நிறுத்துங்க!"

நின்ற இடத்தைப் பார்த்தாள். விடியற்காலையில், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், புகைக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியாத நேரத்து நீலம். தானாக விட்டிருந்தால் அதைத் தாண்டிப் போயிருப்பாள்.

"உனக்கு யாருடி சொல்லிக் கொடுத்தா?"

"உங்களுக்குத் தெரியலையா? அங்கதான் சுடறது நிக்குது" என்றாள் கெஹிந்தே.

இரண்டு பிரதி எடுத்தார்கள். அவளுக்கு ஒன்று, தைவோவுக்கு ஒன்று. இரட்டை உள்ள வீட்டில் எதையும் ஒற்றையாக வாங்குகிற வழக்கம் கிடையாது.

அஷாபி மாவு வாளியோடு உள்ளே வந்தாள். மகள் கையில் ரொட்டியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. மலர்ந்த அதே வேகத்தில் கெஹிந்தே வாயைத் திறந்தாள்.

"அம்மா, தைவோ வரவே இல்லையாம்! அக்கா என்னையே மடிச்சிட்டாங்க!"

வாளி தரையில் இறங்கியது. மாவு தளும்பி இடுப்புத் துணியில் வழிந்தது. அஷாபி மொரெனிகேயின் மணிக்கட்டைப் பிடித்துக் கடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கத்துகிறவள் குசுகுசுத்தால் எப்படியிருக்கும், இரும்பைக் கல்லில் தேய்க்கிற மாதிரி இருந்தது.

"என்ன சொன்னீங்க அவகிட்ட? எவ்வளவு சொன்னீங்க? எனக்கு மிச்சம் இருக்கறது இந்த ஒண்ணுதான். இதுவும் கிளம்பிப் போச்சுன்னா நான் யாருக்கு அக்காரா சுடுவேன்?"

"அதைச் சொல்லல, இரட்டையம்மா. தைவோ லாகோஸ்லதான் இருக்கா. படத்துக்கு வரல. அதனால எண்ணெயும் படல. இவ்வளவுதான் நடந்துச்சு. கேட்டதும் ரொட்டி கேட்டா."

அஷாபி அவள் மணிக்கட்டை விட்டாள். பிறகு ஜெனரேட்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திருங்க, சூடா இருக்கும்."

"இருக்கட்டும்."

உள்ளே கெஹிந்தே சுங்கன்மிக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். 'இது மூக்கு இல்ல!' என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"பெரிய படத்தை என்ன பண்ணட்டும்?" என்றாள் மொரெனிகே. "தழும்பு எடுத்தது ஒண்ணு இருக்கு..."

"எடுத்தது வேணாம்." அஷாபி மாவு படிந்த கையைத் துணியில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "முதல்ல கொடுத்தீங்களே, அதைக் கொடுங்க. ரெண்டு கையிலயும் இருக்கறது."

"தழும்போடயா?"

"அன்னிக்கு இவ சட்டிகிட்ட வந்து நின்னா. நான் திரும்பறதுக்குள்ள தெறிச்சிடுச்சு. தைவோ இருந்திருந்தா அவ மட்டும் வீட்டுலயா இருந்திருப்பா? இவ போற இடத்துக்கெல்லாம் சட்டையைப் புடிச்சுக்கிட்டே வருவா. ரெண்டு கையும்தான் சுட்டிருக்கும். ரெண்டுக்கும்தான் மருந்து போட்டிருப்பேன். ரெண்டு பேரும் ராத்திரியெல்லாம் அழுதிருப்பாங்க." துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் படத்துலதான் அவ வளந்திருக்கா. சின்னதா ஒண்ணு போட்டுக் கொடுங்க. சுவத்துல மாட்ட மாட்டேன், இவ கண்ணுல படாது. என் துணிப் பெட்டிக்குள்ள இருக்கட்டும்."

மொரெனிகே அதை உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்குப் போட்டுக் கொடுத்தாள். அச்சு வெளியே வந்தபோது தன் பங்குக்கு அவளும் ஒருமுறை பார்த்தாள். காலையிலிருந்து அந்த இரண்டாவது தழும்பைத் தன் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

சனிக்கிழமை காலையில் பயறு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. நீலப் படத்தில் ஒன்று சுவரில் ஏறியிருந்தது. ஆனால் இன்னொன்று லாகோஸுக்குக் கிளம்பாமல் அகப்பையை யாரும் தொடக் கூடாது என்று கெஹிந்தே சட்டம் போட்டுவிட்டாள். சட்டகத்தைக் காகிதத்தில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். மொரெனிகேயும் அஷாபியும் பின்னால் போனார்கள், பஸ் நிற்கிற மைதானத்துக்கு.

லாகோஸ் பஸ் டிரைவர் தொப்பையைக் கதவில் சாய்த்துக்கொண்டு மந்திரம் ஓதுகிற மாதிரி கூவிக்கொண்டிருந்தார். "லாகோஸ் லாகோஸ் லாகோஸ், ஒஷோடி லாகோஸ், ஏறுனா கிளம்பிடும், கிளம்புனா நிக்காது, லாகோஸ் லாகோஸ்..."

அஷாபி வாய் திறக்க வேண்டும். அவள் தலைத்துணியின் முடிச்சைத் தடவிக்கொண்டு நின்றாள். கெஹிந்தே பொட்டலத்தை நீட்டினாள்.

"இதைக் கொடுத்துடுங்க."

"யாருக்குப் பாப்பா?"

"தைவோவுக்கு."

"லாகோஸ்ல எங்க?"

"லாகோஸ்லதான்."

டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார். "லாகோஸ் என்ன உங்க வீட்டுக் கொல்லையா? அங்க எத்தனை..." சொல்லிக்கொண்டே பெண்கள் பக்கம் பார்த்தவர், அஷாபியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவரும் இந்த ஊர்க்காரர்தான். இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் வெற்றிலை வாங்குகிற மாதிரி பொட்டலத்தை வாங்கினார்.

"இரட்டையம்மா வீட்டுத் தைவோதானே? தெரியுமே. முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"அவ கையிலதான் கொடுக்கணும். வேற யார் பாத்தாலும் தவளைன்னு சொல்லிடுவாங்க."

"யார்கிட்டயும் காட்ட மாட்டேன். சேதி ஏதாவது உண்டா?"

கெஹிந்தே யோசித்தாள். "இப்ப எரியலைன்னு சொல்லுங்க."

"இப்ப எரியல" என்று டிரைவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பொட்டலத்தைத் தன் சீட்டுக்கு மேலே, வெயில் மறைக்கிற தட்டிக்குப் பின்னால் செருகினார். "வேறெதுவும்?"

"எப்பக் கிளம்புவீங்க?"

"இன்னும் மூணு பேர் ஏறணும். காலி சீட்டோட போனா முதலாளி என்னைத் தின்னுடுவார்."

கெஹிந்தே மைதானத்தைச் சுற்றிப் பார்த்தாள். சோளம் விற்கிறவள், ஆடு, டயர் ஒட்டுகிறவன், வேறெந்த ஊருக்கோ காத்திருக்கிற கூட்டம். கதவின் மறுபக்கம் போய் நின்று, ஓட்டைப் பல் தெரிய, "லாகோஸ்! லாகோஸ்!" என்று கூவ ஆரம்பித்தாள். குரல் அவள் காலடியிலேயே விழுந்தது.

"இது பத்தாது" என்றார் டிரைவர். "வயித்துலேருந்து எடு."

"லாகோஸ்! ஒஷோடி லாகோஸ்!"

மொரெனிகேயும் போய்ப் பக்கத்தில் நின்று இரண்டு தரம் கூவினாள். வெட்கமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. கெஹிந்தே திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, நீ கூப்பிட்டா எல்லாரும் வந்துடுவாங்க இல்ல?"

அஷாபி தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். மூச்சை இழுத்தாள்.

"லாகோஸ்!"

சோளம் விற்கிறவள் கையிலிருந்ததை நழுவ விட்டாள். டயர் ஒட்டுகிறவன் நிமிர்ந்தான். அஷாபி இன்னொரு தரம் கூவினாள், இன்னும் உரக்க, முச்சந்தியில் கூவுகிற அந்தக் குரலில், கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்காமல். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கோழிக் கூடையைத் தலையில் வைத்த ஓர் ஆள், பஸ் தன்னை விட்டுவிட்டுப் போய்விடப் போகிறது என்று பயந்து, ஒரு செருப்பை வழியிலேயே உதறிவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தான்.